ஸ்வெட்டர் மாட்டிய ஹோய்ஸ்ட்

தீவு மருத்துவமனையில் எங்கள் வார்டில் நோயாளிகளைத் தூக்க ஹோய்ஸ்ட் இயந்திரம் ஒன்று இருந்தது. அதில் யாரும் ஏறிப் பார்த்ததில்லை. ஏர்கோன் குளிருக்குத் தாதியர் நாங்கள் போடும் ஸ்வெட்டர்கள்தான் தொங்கும். ஸ்லிங் துணியை விரித்துக் கொக்கி மாட்டுவதற்குள் கையாலேயே தூக்கிவிடலாம் என்பது எங்கள் வீறாப்பு. இடுப்பு வலித்தால் மருந்தெண்ணெய் தேய்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவோம்.

1. கழுத்தைக் கட்டிய அங்கிள்

புக்கிட் மெர்தாஜாம் ஊர்க்கார அங்கிள் ஒருவரை ஒரு காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றினேன். "மிஸ்ஸி, விட்டுறாதீங்க லா!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பத்திரமாக உட்கார வைத்துவிட்டேன். எனக்குத்தான் நிமிர முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொள்ள, அப்படியே தரையில் சாய்ந்தேன்.

தரை ஜில்லென்றிருந்தது. கீழிருந்து பார்த்தால் வார்டே வேறு ஊர். கட்டில்களுக்கு அடியில் வெயில் தண்ணீர் மாதிரி ஓடியது. எங்கோ கடலில் ஃபெரி ஊதியது. எழுந்திருக்கவே வேண்டாம் போலிருந்தது. கூடவே பயம்: இனி வார்டு வேலை அவ்வளவுதானா? கவுண்டரில் உட்கார வைத்துவிடுவார்களா?

2. தரை என்னை விட்டது

டாக்டர் வந்து பார்த்தார். முறிவு இல்லை, கட்டிலில் படுக்க வையுங்கள் என்றார். உடன் வேலை பார்த்த பரீதா என் அக்குளில் கை நுழைத்தாள். அவளுக்கு அப்போதுதான் வயிறு தெரியத் தொடங்கியிருந்தது.

"அக்கா, என் கழுத்தப் புடிச்சிக்குங்க."

"ஐயோ, வேணாம்! வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு என்னைத் தூக்குவியா? அதக் கொண்டா லா!"

"எதக்கா?"

"ஸ்வெட்டர் மாட்டுறோமே, அத!"

ஸ்வெட்டர்கள் பக்கத்துக் கட்டிலில் குவிந்தன. என்னைப் புரட்டி ஸ்லிங்கை அடியில் விரித்தார்கள். பட்டனை அமுக்கியதும் தரை என்னை விட்டது. மெல்ல ஆடினேன். ஜன்னலில் கடல் ஏறி வந்தது. பெருநிலத்துக்குப் போகும் ஃபெரியோடு நானும் போவதுபோல் இருந்தது. யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. எத்தனையோ பேரைச் சுமந்த எனக்கு, யாருக்கும் கனக்காமல் இருப்பது எவ்வளவு சுகம் என்று அன்றுதான் தெரிந்தது. அழுதுவிட்டேன்.

பரீதா பதறி நிறுத்தினாள். "வலிக்குதாக்கா?"

"இல்லடி. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."

நாற்காலியிலிருந்து அங்கிள் சொன்னார்: "மிஸ்ஸி, நாளைக்கி எனக்கும் அதுதான்."

3. திரும்பி வந்தபோது

இடுப்பு தேறி அதே வார்டுக்குத் திரும்பினேன். ஸ்வெட்டர்களுக்குச் சுவரில் கொக்கி அடித்திருந்தார்கள். ஹோய்ஸ்டைக் கண்டு பயந்தவர்களிடம், "நானே ஏறியிருக்கேன், சொகமா இருக்கும்" என்பேன்.

இளம் தாதியருக்குச் சொல்வது இதுதான். கையால் தூக்கினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் இறக்கிவைத்த கனம் நம் இடுப்பிலேயே தங்கிவிடும். பரீதா பிரசவ விடுப்பில் போகும் நாள்வரை யாரையும் கையால் தூக்கவில்லை. நாங்கள் தூக்க விடவில்லை.