பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் நடுவில்

பிரிக்பீல்ட்ஸில் பழைய நெகட்டிவ்களைக் கணினிக்கு மாற்றித் தரும் அந்த அக்காவின் பெயர் எனக்குத் தெரியாது. மூக்கு நுனியில் கண்ணாடி, கைகளில் வெள்ளைக் கையுறை. ஸ்கேன் செய்வதற்கு முன் பிலிம் துண்டுகளை விளக்குப் பெட்டியின் மேல் பரப்பி, ஓரத்தில் இருக்கும் எண்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வரிசைப்படுத்துவார்.

அது முன்பே தெரிந்திருந்தால் காலையில் கத்தரிக்கோலை எடுத்திருக்கவே மாட்டேன்.

“பன்னெண்டுக்கு அப்புறம் பதினாலு வருது. பதிமூணு எங்க?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தார். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. தங்கையின் பதிவுத் திருமணத்தில், மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டு அப்பா சிரிக்கும் அந்தப் பதிமூன்றாவது படம் அதற்குள் இருந்தது. அந்தக் கல்யாணத்துக்கு யாரும் போகக் கூடாது என்று சாமி முன்னால் எங்களிடம் சத்தியம் வாங்கியவர் அம்மா. இப்போது உயிரோடு இல்லாத அப்பாவும் அன்று சத்தியம் செய்தவர்தான்.

அக்கா வெட்டிய விளிம்பை லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கை இன்னும் சட்டைப் பையின் மேலேயே இருந்தது.

“யாராச்சும் வெட்டி எடுத்துட்டாங்களாம்மா?” என்று அம்மா கேட்டார்.

“பழைய வெட்டுதான், ஆன்டி. அந்தக் காலத்து ஸ்டூடியோவுல இப்படித்தான் கெடுத்து வெச்சிருவாங்க.”

அம்மா மறுபடியும் கைப்பேசியில் குனிந்துகொண்டார்.

கிளம்பும்போது ரசீதோடு ஒரு காலி பிளாஸ்டிக் உறையையும் என் கையில் வைத்து, அக்கா குரலைத் தாழ்த்தினார்.

“பாக்கெட்டுல சும்மா வெச்சா கீறல் விழும்லா, அண்ணே.”