ஜெபராணி அக்காவின் டஸ்கனி

டஸ்கனி மலைநாட்டில், சியெனா நகரத்துச் சந்து ஒன்றில் நின்றபடி ஜெபராணி அக்கா சின்ன வெங்காயம் உரிக்கிறார். மடிக்கணினி சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. வெங்காயத் தோல் அதன் விசைகள் மேல் விழுகிறது. ஒரு தட்டு தட்டினால் திரையில் சந்து பத்தடி முன்னே நகரும். "இந்த எடத்துல நம்ம வண்டி திரும்பாது பிள்ள. அந்தச் செவப்புக் கதவுகிட்டயே நிப்பாட்டிட்டு நடந்துரணும்," என்கிறார் என்னிடம். வெளியே, எங்கள் அமெரிக்க ஊரான பிளானோவில், நூறு டிகிரி வெயில். சியெனாவில் யாரோ என்றோ படம் எடுத்த நாளின் மழை ஈரம் இன்னும் காயவில்லை.

அக்கா பாளையங்கோட்டைக்காரர். இங்கே ஒரு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை நர்ஸ். விடுமுறையையும் வார்டு டியூட்டி போலத்தான் பிரிப்பார். யார் எப்போது குளிப்பது, யார் வேன் ஓட்டுவது, எவர் கையில் தண்ணீர் பாட்டில் என்று எல்லாம் முடிவாகிவிட்டது. பழைய ஊர்களுக்குள் வெளி வண்டி நுழைந்தால் கேமரா பிடித்து அபராதம் வரும் என்பதை எல்லாருக்கும் மனப்பாடம் செய்வித்துவிட்டார். மலைமேல் வாடகைக்கு எடுத்திருக்கும் பண்ணை வீட்டின் உரிமையாளரம்மாவிடம் இரண்டே கேள்விகள் கேட்டார்: சோறு வைக்கப் பெரிய பானை உண்டா, கக்கூஸில் தண்ணீர் வருமா? அந்தம்மா பானையின் படத்தையும், கழுவுவதற்கென்றே தனியாகக் கட்டிய தொட்டியின் படத்தையும் அனுப்பியிருந்தார். அக்கா அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார். "கழுவுத ஆளுங்க பிள்ள. நம்ம கூட்டம். சோத்தப் பானையிலயே வடிச்சுக்கலாம், ஒரு கவலையும் இல்ல."

இப்படிக் கேட்டால் ஏதோ கூட்டமாகச் சுற்றுலா போக ஆசைப்பட்டவர் என்று தோன்றும். இல்லை. இது அவரும் அவர் கணவர் சுந்தர்சிங் அண்ணனும் மட்டும் போக வேண்டிய பயணம், முப்பதாவது கல்யாண நாளுக்காக.

"கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் கொடைக்கானல் போனோம்," என்பார். "ஒரே வேன். மாமியா, கொழுந்தன், நாத்தனா, அவ பிள்ளைய ரெண்டு, பாஸ்டரம்மா. நான் கடைசி சீட்டுல. இவுக டிரைவர் பக்கத்துல." அமெரிக்கா வந்த பிறகும் அதே கதைதான். நயாகராவுக்கு மாமனார் மாமியாரோடு, டிஸ்னிக்குப் பிள்ளைகளோடு, கிராண்ட் கேன்யனுக்குச் சபையோடு. "முப்பது வருசத்துல வெளியூர்ல நாங்க ரெண்டு பேராப் போயி ஒரு காப்பி குடிச்சதில்ல." சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்கிற எனக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

அப்படியிருக்க, இந்தப் பயணத்தில் எட்டுப் பேர் எப்படிச் சேர்ந்தார்கள்? எல்லாம் நம் மரியாதை செய்த வேலை. நம் பக்கத்தில் ஊருக்குப் போவதைச் சொன்னால், கூடவே "நீங்களும் வாங்களேன்" என்றும் சொல்லியாக வேண்டும். கேட்டவர் "ஆகட்டும், பாப்போம்" என்பார். இருவரும் மனநிறைவோடு பிரிவார்கள். அதற்குப் பிறகு யாரும் யாரோடும் எங்கும் போக மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாக ஒழுங்காக நடந்துவந்த ஏற்பாடு இது. அக்காவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாம்பார் வரிசையில் நிற்கும்போது, சபையைச் சேர்ந்த பிரீத்தாவிடம் டஸ்கனியைப் பற்றிச் சொல்லிவிட்டு, மறக்காமல் "நீங்களும் வாங்களேன்" என்றார். பிரீத்தா அன்று சாயங்காலமே தன் பாஸ்போர்ட், கணவன் கிரீஷின் பாஸ்போர்ட், பிள்ளைகள் இருவரின் பாஸ்போர்ட் எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பிவிட்டாள். பக்கத்தில் ரசம் வாங்கிக்கொண்டிருந்த வான்மதி, தானும் வருவதாகச் சொல்லி, நியூ ஜெர்சியிலிருக்கும் தன் தங்கை விஷாகாவையும் சேர்த்துக்கொண்டாள். வரிசையில் நின்றவர்களில் "பாப்போம் அக்கா" என்று சொல்லி ஊர் மானத்தைக் காப்பாற்றியவள் நான் ஒருத்திதான். அதனால் அவர் வீட்டுக் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு எனக்கு.

"வேலியில போன ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்," என்று அக்கா என்னிடம் மட்டும் புலம்பினார். "வராதீங்கன்னு சொல்லிருங்களேன்," என்றேன். ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்தவரை வேண்டாம் என்பது அவர் வாயில் வராது. வான்மதியின் விசா நேர்காணலுக்கு அவளை ஹூஸ்டன் வரை காரோட்டிக் கூட்டிப்போனதே இவர்தான். அந்த விசா கிடைக்கக் கூடாதென்று அண்ணன் ஜெபித்ததாகக் கேள்வி.

அண்ணன் அதிகம் பேசாதவர். மின்பொறியாளர். கூட்டம் சேர்ந்ததைப் பற்றி அக்காவிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. "சண்டை போட்டாக்கூட நல்லாருக்கும் பிள்ள. பேசாம இருக்காகளே, அதான் தாங்கல," என்றார் அக்கா. பயணக் குழுவின் வாட்ஸப்பில் அண்ணன் போட்டது ஒரே ஒரு செய்தி: இங்கே வாங்கிய ஹேர் டிரையர், அயர்ன் பாக்ஸ், குக்கர் எதையும் கொண்டுவரக் கூடாது; இங்கே 120 வோல்ட், அங்கே 230; செருகினால் புகைதான் வரும். பிரீத்தா முடி நேராக்கும் கருவிக்காக மன்றாடிப் பார்த்தாள். அவர் இரங்கவில்லை.

அக்காவும் சும்மா இருக்கவில்லை. எட்டுப் பேரும் ஏறக்கூடிய வேன் ஒன்று முடிவாகியிருந்தும், லக்கேஜுக்கு இடம் பத்தாது என்று சொல்லி, தனியாக ஒரு சின்னக் காரும் பதிவு செய்தார். "வீட்டுல எல்லாரும் இருந்துட்டுப் போகட்டும். வழியிலயாவது நாங்க ரெண்டு பேராப் போறோமே," என்று காதோடு சொன்னார். அந்த வழிகளைத்தான் தினமும் வெங்காயம் உரித்தபடி ஒத்திகை பார்க்கிறார். எந்தத் திருப்பத்தில் காப்பிக் கடை இருக்கிறது என்பதெல்லாம் அத்துப்படி.

போன சனிக்கிழமை அக்கா வீட்டில் கடைசிக் கூட்டம். சுண்டல், டீ எல்லாம் முடிந்து பெட்டிகளின் எடையைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது வான்மதி சொன்னாள்: "அக்கா, மலை ரோடுல வேன்னா எனக்கு வாமிட் வந்துரும். நான் உங்க சின்ன கார்ல பேக் சீட்ல வந்துக்கறேன். அது எம்ப்டியாதானே இருக்கு?"

அண்ணன் டீ கோப்பைக்குள் பார்த்தார். வாந்தி வரும் என்பவரிடம் எந்த நர்ஸ் முடியாது என்பார்? போச்சு, கொடைக்கானல் வேன் டஸ்கனிக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா எழுந்து அடுக்களைக்குள் போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் மாத்திரை அட்டை. மற்ற கையில், இடுப்பில் அணைத்தபடி, வீட்டிலேயே பெரிய ரைஸ் குக்கர்.

"வேன்ல முன் சீட்டு ஒனக்கு, முன்னால ஒக்காந்தா பொரட்டாது," என்று மாத்திரையை வான்மதியின் கையில் வைத்தார். "கார்ல பின் சீட்டுல இது வருது."

"குக்கரா? பானைலதானே அக்கா சோறுன்னீங்க?" என்றாள் பிரீத்தா. "அதோட வோல்டேஜ்..." என்று ஆரம்பித்த கிரீஷ் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். எல்லாரும் அண்ணனையே பார்த்தோம். அக்கா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அக்கா கையிலிருந்து குக்கரை வாங்கினார். தொங்கிக்கொண்டிருந்த வயரை அதன்மேல் மெதுவாக, இறுக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டார். பிறகு அதைக் கொண்டுபோய்த் தன் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.