வவ்வாப்பாறைக் கதவு

காரிமங்கலம் சந்தைக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார் சவுரியப்பன். எந்த வேலை கொடுத்தாலும் செய்வார். கூடவே கேள்வியும் கேட்பார். அதனாலேயே சிலருக்கு அவரைப் பிடிக்காது.

1986 சித்திரையில் தொல்லியல் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். வவ்வாப்பாறைக் குகையில் பழங்காலத்து வெள்ளை ஓவியங்கள் உண்டு. புதையல் ஆசையில் சிலர் உள்ளே தோண்டினார்கள். வேறு சிலர் ஓவியத்தின் மேலேயே கரியால் பேர் எழுதினார்கள். குகைக்குக் கதவு வேண்டும் என்றது சவுரியப்பனுக்கும் சரியென்றே பட்டது. ஆனால் அதிகாரி கொண்டுவந்த படத்தில் கதவு முழுக்கச் சன்னமான கம்பிவலை.

"வவ்வாலுங்க எப்படிங்க வெளிய போகும்?"

"அதுங்க எச்சம்தான்யா ஓவியத்தைக் கெடுக்குது. சொன்னதை மட்டும் செய்."

செய்தார். பட்டப்பகலில், வவ்வால்கள் உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும்போதே கதவைப் பதித்தார். அதிகாரி பூட்டிச் சாவியைக் கொண்டுபோனார்.

நாலாம் நாள் தீர்த்தம்மாள் பட்டறைக்கு வந்தாள். குகையில் வவ்வால் எரு அள்ளி ராகிக் காட்டுக்குப் போடுகிறவள்.

"வந்து பாருங்க உங்க வேலையை! வலையைப் புடிச்சிக்கிட்டே செத்துக் கெடக்குதுங்க. தாய் செத்தும் குட்டி அது மாரை வுடல!"

சவுரியப்பன் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். குகை வாயிலேயே நாற்றம் அடித்தது. கை கிழியக் கிழிய வலை முழுவதையும் வெட்டி எறிந்தார். பொழுது சாயும்வரை அங்கேயே நின்றார். முன்பெல்லாம் புகைபோலக் கிளம்பிய கூட்டத்தில், அன்று ஒன்றும் இரண்டுமாகத் தள்ளாடி வந்தன.

மறுநாள் அவரே தருமபுரிக்குப் போய் அதிகாரியிடம் சொன்னார்.

"அரசாங்கச் சொத்தையா வெட்டினே?"

"உள்ள செத்தது யாரு சொத்துங்க? பாறையில படம் வரைஞ்சவங்களும் அதுங்களோட ஒரே குகையிலதானே இருந்திருப்பாங்க. அவங்களுக்கு இடைஞ்சல் இல்ல, உங்களுக்கு என்னங்க இடைஞ்சல்?"

பதில் போலீஸ் மூலம் வந்தது. கோர்ட்டில் சவுரியப்பன் ஒன்றையும் மறுக்கவில்லை. கோர்ட் கலையும்வரை நிற்கச் சொல்லித் தீர்ப்பு. சாயங்காலம்வரை நின்றார். செத்தவற்றைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதில்தான் அவருக்கு வயிறு எரிந்தது.

செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டுக் கல்லூரி விலங்கியல் ஆசிரியர் ஒருவர் வந்து குகையைப் பார்த்தார். இந்த வகை வவ்வால் அழிந்துகொண்டிருக்கிறது, மிஞ்சியிருப்பதே சில இடங்களில்தான் என்று மெட்ராசில் அரசாங்கத்துக்கு எழுதினார். எட்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது: வலை கூடாது, வவ்வால் பறந்துபோகிற இடைவெளி விட்டுப் படுக்கைவாட்டில் கம்பிகள் போட வேண்டும்.

அதே அதிகாரி அதே பட்டறைக்கு வந்தார். "அளவு உனக்குத் தெரியுமேப்பா."

"செய்யறேங்க. மாட்டுற அன்னைக்குச் சாயங்காலம் நீங்களும் நிக்கணும்."

நின்றார். கம்பி இடுக்கு வழியாக வவ்வால்கள் வந்தன. சவுரியப்பன் எண்ணினார். நாற்பத்து மூன்றோடு நின்றுவிட்டது.

"அதான் வருதேப்பா, போதுமில்ல?" என்றார் அதிகாரி.

"போதாதுங்க" என்றார் சவுரியப்பன். ஜீப்பில் வரச் சொன்னதற்கு மறுத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்.