கனடாக் காட்டில் விட்ட குலவை

மரத்தடியில் என் வீட்டுக்காரருடைய ஷூ இரண்டும் ஜோடியாக இருந்தன. சாக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்திருந்தார். ஆளைத்தான் காணவில்லை. சுற்றிலும் காடு. வீடு இல்லை, கடை இல்லை, போனில் டவர் இல்லை. குளிரில் எனக்குப் பல் கிட்டியது. அறுபத்தெட்டு வயது, சர்க்கரை உடம்பு, வெறுங்காலோடு எங்கே போனார் மனுஷர்? அன்று நான் பட்ட பாட்டையும், நம் அய்யனார் கைவிடாமல் காத்ததையும், நான் செய்த தப்பையும் ஒளிக்காமல் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆலங்குடிப் பக்கத்துக்காரி. தென்னையும் கடலையும் வைத்துப் பிழைக்கிற குடும்பம். ஒரே மகள் மீனா கனடாவில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்த்த பிரகாஷைத் தானே விரும்பிக் கட்டிக்கொண்டாள். கோயம்புத்தூர்ப் பையன், நம் ஆட்கள் இல்லை. கல்யாணத்துக்குப் போனேன், நின்றேன், வந்தேன். தாலி கட்டும்போது சொந்தமெல்லாம் என் வாயைப் பார்த்தது. நான் குலவை விடவில்லை. பெண்கள் தென்னம்பாளைக் குடம் தூக்கிப் போகிற மது எடுப்புத் திருவிழாவில் முதல் குலவை என்னுடையதுதான் என்று எங்கள் ஊருக்கே தெரியும். அன்றைக்கு மட்டும் வாயை இறுக்கிக்கொண்டேன்.

போன புரட்டாசியில் மகள் எங்கள் இருவரையும் அங்கே கூப்பிட்டுக்கொண்டாள். நாங்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம், இலை பார்க்கப் போகலாம் என்றார்கள். குளிர்காலத்துக்கு முன்னால் அங்கே மரமெல்லாம் சிவந்து இலை கொட்டுமாம். அதைப் பார்க்க வடக்கே காட்டுக்குள் வண்டி வண்டியாகச் சனம் போகுமாம். நம் ஊரில் இலை பழுத்தால் கூட்டி அள்ளிக் கொட்டுவோம். இதைப் பார்க்க ஐந்து மணி நேரம் பெட்ரோலை எரிப்பார்களா, இதில் வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். சந்தேகம் என் கூடப் பிறந்தது.

போகப் போகச் சந்தேகம் முற்றியது. அரை மணிக்கு ஒருதரம் மாப்பிள்ளை வண்டியை ஓரங்கட்டுவார். "மாமா, இங்க வியூ நல்லாருக்கு. வாங்க, ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துரலாம்" என்பார். என்னையும் மீனாவையும் கூப்பிடுவதில்லை. இரண்டு பேரும் மரங்களுக்குள் மறைவார்கள். திரும்பும்போது என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டே வருவார். "என்ன பேசுனீங்க?" என்றால், "ஒண்ணுமில்ல" என்பார். நான்காவது தடவை நான் போட்டோவைக் காட்டச் சொன்னேன். மாப்பிள்ளை திருதிருவென்று முழித்தார். போனில் மாமனார் படம் ஒன்றுகூட இல்லை. அத்தோடு நான் முடிவே கட்டிவிட்டேன். எங்கள் தென்னந்தோப்பைத் தன் பேருக்கு எழுதி வாங்கத்தான் ஆள் இல்லாத காட்டில் வைத்து இவரை மடக்குகிறார்.

ஆறாவது தடவை நிறுத்தியபோது மீனா தூங்கிவிட்டாள். இந்தத் தடவை இவர் தனியாக இறங்கிப் போனார். மாப்பிள்ளை காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டியில் சாய்ந்து நின்றார். பத்து நிமிஷம், இருபது நிமிஷம் ஆயிற்று. மாப்பிள்ளை உள்ளே ஓடிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்து வந்தார். நாங்களும் ஓடினோம். அப்போதுதான் அந்த ஷூவைப் பார்த்தேன்.

என் வாய் நிற்கவில்லை. "எங்க வீட்டுக்காரர என்ன பண்ணுனீங்க? எதுல கையெழுத்துப் போடச் சொன்னீங்க? அவமானம் தாங்காம எங்கிட்டுப் போனாரோ" என்று மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே கேட்டேன். "அம்மா, என்னம்மா பேசுற நீ" என்று மீனா அழுதாள். மாப்பிள்ளை உள்ளே ஓடி "மாமா, மாமா" என்று கத்தினார். திரும்பி வந்து ஹாரனை விடாமல் அடித்தார். ஒன்றுக்கும் பதில் இல்லை. நானும் கூப்பிடலாம்தான், ஆனால் கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்காரர் பேரைச் சொன்னதில்லை. அந்த நிலைமையிலும் வாயில் வரவில்லை.

நான் சருகுமேல் முட்டிபோட்டு விழுந்தேன். "அய்யனாரே, கடல் தாண்டுனா நீ இருக்கியா இல்லையான்னு எனக்குத் தெரியல. இருந்தீன்னா அவரக் குடுத்துரு. ஒனக்கு மண்குதிரை செஞ்சு புரவி எடுக்கிறேன்" என்று கதறினேன். அப்போது மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அத்தை, குலவை விடுங்க. மது எடுப்பு வீடியோல கேட்டுருக்கேன். ஒங்க சத்தம் மாமாவுக்குத் தெரியும்."

யார் கல்யாணத்தில் விடமாட்டேன் என்று நின்றேனோ, அவரே கேட்கிறார். முதல் தடவை காற்றுத்தான் வந்தது. தொண்டை குளிரில் மரத்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் ஊர் அய்யனார் கோயில்காட்டு மண்குதிரைகள் வரிசையாக நிற்பது தெரிந்தது. மூன்றாவது தடவை குலவை எழும்பியது. விட்டேன். மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பவும் விட்டேன். கால் மணி நேரம் இருக்கும். சிவந்த மரங்களுக்கு நடுவிலிருந்து, ஒரு காலை நொண்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்தார். மாப்பிள்ளை ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்து உட்காரவைத்து, தன் கோட்டைக் கழற்றி அவர் பாதத்தைத் துடைத்தார். பெருவிரலில் ரத்தம்.

வண்டியில் ஏறிச் சூடு பட்டபிறகு இவர் சொன்னார். "மரத்தடியில கல்லு மேல கல்லு அடுக்கியிருந்துச்சு. நம்ம காட்டுச் சாமி மாரியே. ஷூவக் கழட்டிக் கும்புட்டேன். சாமி முன்னாடி ஒண்ணுக்குப் போகலாமா? கொஞ்சம் தள்ளிப் போனேன். அங்கேருந்தும் கல்லு தெரிஞ்சுச்சு. இன்னுங் கொஞ்சம் தள்ளிப் போனேன். அப்புறம் எங்கிட்டுப் பாத்தாலும் ஒரே மாரியா செவப்பு. ஹாரன் கேட்டுச்சு, ஏதோ வண்டி போகுதுன்னு இருந்துட்டேன். குலவைன்னா, ஒன்ன விட்டா இந்தக் காட்டுல யாரு விடப்போறா?"

"இப்பத்தானே போட்டோ எடுக்கப் போனீங்க, அப்பவே ஒண்ணுக்கும் போயிருக்கலாம்ல?" என்றேன். இவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை ரோட்டைப் பார்த்தார்.

"ஊர்லேருந்தே இப்புடித்தான். அரை மணிக்கு ஒருக்கா வருது, அடக்க முடியல. ஒங்கிட்டயும் புள்ளகிட்டயும் சொல்ல வெக்கமாருந்துச்சு. மாப்பிள்ளதான் கண்டுபுடிச்சு, போட்டோன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாரு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அத்தனை பழியை நான் போட்டபோதும் அந்தப் பிள்ளை மாமனாரின் வெட்கத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. "தம்பி, மன்னிச்சுக்கங்க" என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தை. ஹீட்டரக் கூட்டவா?" என்றார்.

மறுநாள் டாக்டரிடம் காட்டினோம். இப்போது மாத்திரையில் நன்றாக இருக்கிறார். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மகளையும் மருமகனையும் விளக்குக்கு முன்னால் ஜோடியாக நிற்கவைத்தேன். கல்யாணத்தில் விடாத குலவையை அன்றைக்கு வாய் நிறைய விட்டேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா பதறிப்போய்க் கதவைத் தட்டினாள். மீனா அழுதுகொண்டே சிரித்தாள்.

இந்த வருஷம் புரவி எடுக்க மகளும் மருமகனும் ஊருக்கு வருகிறார்கள். குதிரையைச் சுமக்க மாப்பிள்ளையும் தோள் கொடுக்கிறார்.

கடல் தாண்டியும் அய்யனார் இருக்கிறார். ஆபத்தென்றால் தயங்காமல் கூப்பிடுங்கள். சாமியை நம்புவது எனக்கு எப்போதும் லேசு. மனுஷரை நம்பத்தான் தெரியாமல் இருந்தது, அதையும் அவர்தான் அந்தக் காட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். உங்கள் வீட்டிலும் யாருக்காவது விடாமல் வைத்திருக்கிற குலவை இருந்தால், காடு வரைக்கும் போகவேண்டாம், இன்றைக்கே விட்டுவிடுங்கள்.