பூட்டண்ணனின் சாவிக்கொத்து

எங்கள் ராணுவ முகாமில் துப்பாக்கிக் கிடங்குக்குப் பொறுப்பாக ஒருவர் இருந்தார். கதவைப் பூட்டிவிட்டு இழுத்து இழுத்துப் பார்ப்பார். கொஞ்ச தூரம் போய், மனசு கேட்காமல் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பார். பூட்டண்ணன் என்று பெயர் வைக்காமல் வேறென்ன வைப்பது? நான் அங்கே சமையல்காரன். கையும் ஓயாது, வாயும் ஓயாது.

வாரம் ஒரு முறை தபால் லாரி வரும். வீட்டை விட்டு அவ்வளவு தொலைவில் கிடப்பவர்களுக்கு அந்த லாரிதான் உயிர். சில நாள் உயிரை எடுக்க வருவதும் அதுதான். ‘இனிமேல் எழுத வேண்டாம்’, ‘வீட்டில் வேறு இடம் பார்த்துவிட்டார்கள்’, ‘என்னால் காத்திருக்க முடியவில்லை’ என்று ஒரே ஒரு பக்கம். எழுதியவளைத் திட்ட எனக்கு வாய் வராது. எத்தனை காலம்தான் ஒருத்தி சுவரோடு பேசிக்கொண்டிருப்பாள்? ஆனால் படித்தவன் முகத்தைப் பார்த்தது நான்.

அப்படியொரு கடிதம் படித்தவன் ஒரு முறை சிரித்த முகத்தோடு வந்து, காவலுக்குப் போகத் துப்பாக்கி கேட்டான். பூட்டண்ணன் எடுத்துக் கொடுத்தார். அவன் உயிரோடு திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அவராகவே ஒரு வழக்கம் கொண்டுவந்தார். யாருக்காவது அந்த மாதிரிக் கடிதம் வந்தால், கூட இருப்பவன் கிடங்கு ஜன்னலுக்கு வந்து, “அவன் துப்பாக்கி ரிப்பேர்ணே” என்று மட்டும் சொல்ல வேண்டும். உடனே அதை எடுத்துத் தனியாகப் பூட்டிவிடுவார். கேட்டால், “ஸ்பிரிங் போயிடுச்சுப்பா, மேலிடத்துல இருந்து வரணும்” என்பார். ஸ்பிரிங்கும் போகவில்லை, ஒரு மண்ணும் போகவில்லை. துப்பாக்கி இல்லாதவனை என் சமையலறைக்கு அனுப்பிவிடுவார். அவனுக்கு வேகவைத்த உருளைக்கிழங்குதான் தர வேண்டும், கையால் உரிக்க. பச்சைக் கிழங்கு கூடாது. அதற்குக் கத்தி வேண்டுமே. அந்தப் புண்ணியவதிகள் தயவில் எனக்கு ஆள் பஞ்சமே வந்ததில்லை.

எங்கள் முகாம் லாரி டிரைவர் மட்டும் மசியவில்லை. நிச்சயமான பெண் கைவிட்ட அன்று ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினான்.

“என் துப்பாக்கியக் குடுண்ணே! உனக்கு என்ன தெரியும்? உன் பொண்டாட்டி வாராவாரம் எழுதுறா!”

“ஸ்பிரிங் வரட்டும்டா.”

“நான் செத்தா உனக்கென்ன?”

“அப்புறம் நான் எப்படிடா தூங்குறது?”

கிழங்குக் கூடை முன்னால் வந்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவன் சொன்னது பொய்யில்லை. அண்ணிக்கு மருந்துக் கடையில் வேலை. ஆள் வராத நேரத்தில் எழுதுவார். கூரை ஒழுகுகிறது, பூனை பாலைக் கொட்டிவிட்டது, மாடிவீட்டுக்காரியோடு சண்டை என்று எல்லாவற்றையும் பூட்டண்ணன் சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படிப்பார். பாதிப் பேருக்கு வேறு கடிதமே கிடையாது.

மழை பிடித்த வாரம் வந்ததையும் படித்தார். “பூனை குட்டி போட்டிருக்காம்டா. ஒண்ணு கறுப்பாம்.” நாங்கள் சிரித்தோம். அவர் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். மிச்சம் வைத்த தட்டைப் பார்த்தே, அந்த மாதிரிக் கடிதம் வந்த ஆளைக் கண்டுபிடிக்கிறவன் நான். காலித் தட்டு என்னை ஏமாற்றிவிட்டது. அந்தக் கடிதத்தில் பூனையே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ‘நீங்கள் நல்லவர்தான். ஆனால் விருந்தாளி மாதிரி வந்து போகிற புருஷனோடு இனி என்னால் முடியாது. விடுமுறைக்கு இங்கே வராதீர்கள்’ என்றுதான் இருந்தது.

மற்றவனுக்கு வந்தால் ஜன்னலில் போய்ச் சொல்ல ஆள் உண்டு. எல்லாச் சாவியும் இடுப்பில் தொங்குகிறவருக்காக யார், யாரிடம் போய்ச் சொல்வது? அன்று பிற்பகல் முழுக்க, கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, துப்பாக்கி வரிசைகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் பாட்டுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, அடுப்பு வேலை மும்முரமாக நடக்கும்போது சமையலறைக்கு வந்தார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து என் மாவு டின் மேல் வைத்தார். டிரைவர் இன்னும் வேகவைத்த கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெஞ்சில், அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்னண்ணே, வழி தவறி வந்துட்டீங்களா? வந்ததுதான் வந்தீங்க, ஒரு கை குடுங்க” என்று பச்சைக் கிழங்கையும் கத்தியையும் அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் தொடவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

“கத்தி வேணாம்பா. வேகவெச்சது குடு.”

கரண்டி என் கையை விட்டு நழுவியது. டிரைவர்தான் சட்டென்று கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினான். பிறகு தன் கூடையை நகர்த்தி இருவருக்கும் நடுவில் வைத்தான். பூட்டண்ணன் ஒரு கிழங்கை எடுத்தார். உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“உனக்குச் சரியாயிடுச்சாடா?” என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். டிரைவர் சொல்லவில்லை.

“இன்னும் இல்லண்ணே.”

பூட்டண்ணன் தலையாட்டினார். கிழங்கு அவர் கையில் நசுங்கியது. வாய்விட்டு அழுதார்.

நான் சாவிக்கொத்தை எடுத்து என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். சமையல்காரனிடம் அது இருப்பது தெரிந்தால் என் வேலை போய்விடும். போனால் போகட்டும். இன்னொரு அண்டா கிழங்கை அடுப்பில் ஏற்றினேன்.