கரண்டை நிறுத்தி என் சத்துமாவைக் காத்தார்

என் முகத்தை அச்சடித்த பாக்கெட்டில் பிளீச்சிங் வாடை அடிக்கிற மாவை நிரப்பப் போகிறார்கள் என்று தெரிந்தபோது, சகோதரிகளே, எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்றைக்கும் அது ஆறவில்லை. ஆறாமலேதான் சாட்சி சொல்கிறேன்.

அருள்புரத்தில் பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்கள் காலையில் டீயும் பன்னும் தின்றுவிட்டு மிஷினில் உட்காருவார்கள். அவர்களுக்காகத்தான் ராகியும் கம்பும் பாசிப்பயறும் முளைகட்டி, காயவைத்து, வறுத்து, அரைத்துக் கொடுத்து வந்தேன். எனக்கு எழுத்து சரியாக வராது. கைப்பக்குவம் வரும். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஏன் மறைக்க வேண்டும்?

2008இல் பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் வீடு தேடி வந்தார். "ஏனுங்கம்மா, இதைப் பெரிசாப் பண்ணலாமுங்க. முதல் நான் போடறனுங்க. உங்க போட்டோவையே பாக்கெட்டுல போட்டுரலாமுங்க" என்றார். நம்பித் தலையாட்டினேன்.

நான் முளைகட்டுவது வெளுக்காத காடாத் துணியில். அவரோ, "நம்ம கம்பெனில கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாக் கெடக்குது. எதுக்குங்க தண்டச் செலவு?" என்று பிளீச்சிங் போட்ட பனியன் துணியை அனுப்பினார். வேண்டாம் என்றேன். ஆளை வைத்து அதிலேயே கட்டினார். அவிழ்த்துப் பார்த்தால் பாதி முளைக்கவில்லை. உலர்த்திய பிறகும் அந்த வாடை போகவில்லை.

"கொட்டிருங்க சாமி" என்றேன்.

"நாளைக்குக் கோயம்புத்தூர்ல இருந்து பணம் போடறவங்க வர்றாங்க. அரைச்சு ஏலக்காய் எசன்ஸ் ஊத்துனாத் தீந்துச்சு. இந்தக் கெழவி வேற!"

"பாக்கெட்டுல இருக்கறது அந்தக் கெழவி மூஞ்சிதானுங்க. உங்காத்தா மூஞ்சியாப் போட்டு வித்துப் பாருங்களே!"

மூட்டைகளை மாவு மில்லில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து டெய்லராக இருந்த செல்வி, தன் கைக்குழந்தைக்கு என் மாவைத்தான் காய்ச்சிக் கொடுத்து வந்தாள். பாக்கெட்டில் என் முகத்தைப் பார்த்து இதையும் வாங்குவாளே! மில் வாசலிலேயே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, மூட்டையைத் தூக்கி எறிய எனக்குத் தெம்பில்லை. நீர் நிறுத்தும்."

மறுநாள் காலை மில் சுவிட்சைப் போட்டார்கள். கல் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. கரண்ட் போய்விட்டது. முதலாளி மின்சார வாரியத்தை ஏசாத ஏச்சில்லை. கம்பெனி ஜெனரேட்டரைக் கேட்டால், அவருடைய மேனேஜரே, "ஷிப்மென்ட் ஓடுதுங்க, மாவரைக்கவெல்லாம் தர முடியாதுங்க" என்று கையை விரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குள் கோயம்புத்தூர்க்காரர்களின் கார் வந்துவிட்டது. இறங்கிய அம்மாள் நேராக மூட்டையில் கைவிட்டு, தானியத்தை அள்ளி முகர்ந்தார்.

"என்னங்க இது, புதுப் பனியனாட்ட வாசம் வருது?"

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "உங்க மாவுங்களா?" என்றார்.

"மூஞ்சி என்னுதுங்க. மாவு என்னுதில்லீங்க."

அவ்வளவுதான். வந்தவர்கள் காரேறினார்கள். விற்க வழியில்லாமல் நின்ற முதலாளியின் கண்முன்னாலேயே, அவர் ஆட்களை வைத்தே மூட்டைகளைக் குப்பைக் குழிக்குள் கொட்ட வைத்தேன். கொட்டி முடித்த பிறகுதான் கரண்ட் வந்தது!

இப்போது செல்வியும் நானும் கூட்டாக அரைக்கிறோம். பாக்கெட்டில் யார் முகமும் இல்லை. முன்பெல்லாம் என் கையை மட்டும் நம்பினேன். இப்போது ஜெபிக்காமல் மூட்டையை அவிழ்ப்பதில்லை. அநியாயம் நடக்கிற இடத்தில் உங்களுக்குத் தெம்பில்லையா? வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். அங்கேயே முழங்கால் போடுங்கள். எனக்காக ஊர்க் கரண்டையே நிறுத்தினவர், உங்களையும் கைவிடமாட்டார்.