பத்தாவது பெயர்

ஒரு மாணவர்கூடச் சேராத பாடத்துக்கு, மெதுவாகக் கற்போருக்கான சிறப்பு வகுப்புத் திட்டம் எழுதியவள் நான். அந்த ஜூன் மாதம் முழுக்க எனக்கு அதுதான் வேலை.

எங்கள் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்க வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனதால், செயற்கை நுண்ணறிவில் ஒரு கோர்ஸ் தொடங்கிவிடுவது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. எலக்ட்ரானிக்ஸ் நடத்திக்கொண்டிருந்த என்னைப் பிரின்சிபல் கூப்பிட்டு, "நீங்கதான் எடுக்கணும் மேடம். முதல் நாளுக்கு முன்னாடி கோர்ஸ் ஃபைல் ரெடியா இருக்கணும்" என்றார். எனக்கு அந்தப் பாடம் தெரியாது என்று சொன்னேன். "லீவுதானே, படிச்சுக்கலாம்" என்றார், சமையல் குறிப்பு சொல்வதுபோல.

கோர்ஸ் ஃபைல் என்பது ஆய்வுக்கு ஆட்கள் வரும்போது மேசையில் எடுத்து வைக்கிற தடித்த கோப்பு. எந்த வகுப்பில் என்ன நடத்துவேன், எந்தத் தேர்வில் என்ன கேட்பேன், பாடம் முடியும்போது மாணவர் எதில் தேறியிருப்பார் என்பதெல்லாம் முன்கூட்டியே அதில் இருந்தாக வேண்டும். காலையில் வீடியோ பார்த்து நான் மாணவியாகப் படிப்பேன். சோறு தின்றுவிட்டு வந்து அதையே கரைத்துக் குடித்தவள்போலத் திட்டம் எழுதுவேன். எனக்கே விளங்காத ஓர் அலகுக்குக் கேள்வித்தாள்கூடத் தயாரித்தேன். மாணவர் பெயர்ப் பட்டியலுக்கான தாள் மட்டும் வெறுமையாக இருந்தது. அந்தத் தாளைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

வேலையில் சேரும்போதே நம்முடைய ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவது அங்கே வழக்கம். அன்றைக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் நானும் சிரித்துக்கொண்டே கொடுத்திருந்தேன். என் கணவர் மஸ்கட்டில் இருந்தார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை பார்த்து வைத்திருந்தார். டிகிரி ஒரிஜினலில் முத்திரை வாங்கினால்தான் விசா. கேட்டுப் போனபோது பிரின்சிபல் முகம் கோணாமல் சொன்னார்: "புது கோர்ஸ் ஆரம்பிக்கிற நேரத்துல நீங்க போனா எப்படி? பத்துப் பேர் சேரலைன்னா கோர்ஸே கிடையாது. அப்போ தாராளமா வாங்கிட்டுப் போங்க."

கணவர் தினமும் போனில் கேட்பார்: "ஏட்டி, சர்டிபிகேட் கிட்டிச்சா?" ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவளிடம் கேட்பதுபோல இருக்கும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கோர்ஸைத் தயார் பண்ணுகிறவளும் நான், அது தொடங்கக் கூடாது என்று முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுகிறவளும் நான். கர்த்தருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

போதாக்குறைக்கு ஆள் பிடிக்கிற வேலையும் எங்கள் தலையில்தான். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஆசிரியர்கள் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். எனக்கு விழுந்தது முட்டம் என்ற கடற்கரை ஊர். ஒரு வீட்டில், மீன் விற்றுவிட்டு வந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா, கையைத் துடைத்துவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டார். சுவரில் எனக்கு முன்னால் வந்துபோன கல்லூரிகளின் துணிப்பைகள் தொங்கின. ஒன்றில் வெங்காயம், இன்னொன்றில் தேங்காய். என் பங்குக்கு நானும் ஒரு பையைக் கொடுத்தேன். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொறே காலேஜ்காரவ வந்தாவ டீச்சர். எல்லாரும் வேலை கிட்டும், வேலை கிட்டும்னுதான் சொல்லுதாவ. நீங்களும் அதான் சொல்லுவியளா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்ல" என்றேன். "வேலை கிட்டுமான்னு எனக்குத் தெரியாது. கோர்ஸ் புதுசு. நடத்தப் போறவ நான்தான், எனக்கும் அது புதுசு. இப்பதான் படிச்சிட்டிருக்கேன். பிள்ளைய வேற நல்ல எடமாப் பாத்துச் சேருங்க."

சத்தியவதி என்று பட்டம் கட்டிக்கொள்ள மாட்டேன். ஒரு பெயர் குறைந்தால் என் சான்றிதழ் பீரோவைவிட்டு வெளியே வரும் என்ற கணக்கும் உள்ளே இருந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை என்பதும் நிஜம். அந்த அம்மா பாலில்லாத கட்டன் சாயா போட்டுத் தந்தார்.

சேர்க்கையின் கடைசி நாளில் பட்டியலில் ஒன்பது பெயர்தான் இருந்தது. மத்தியானம் வரை யாரும் வரவில்லை. நான் மனசுக்குள் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன். மஸ்கட் பள்ளிக்கூடத்தில் சேலை உடுத்த வேண்டுமா, சுடிதார் போதுமா என்பதுவரை போயாயிற்று. ஆபீஸ் மூடப் போகிற நேரத்தில் கூப்பிட்டார்கள். போனால், முட்டத்து அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். பிரின்சிபல் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"நான் வேண்டாம்னுதானே சொன்னேன்?" என்று அந்த அம்மாவின் காதருகே கேட்டேன்.

"அதுக்குத்தான் கொண்டு வந்தேன். வந்தவ எல்லாரும் நல்லாட்டுப் பொய் சொன்னாவ. நெசம் சொன்னது நீங்க ஒரு ஆளுதான். எனக்க மவ பொய் சொல்லாத ஆளுகிட்ட படிக்கட்டும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். உண்மையைச் சொல்லிக் கெட்ட நுணல் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அழுகை வந்தது, சிரித்து வைத்தேன்.

சேருகிற பிள்ளைகளின் ஒரிஜினல்களும் அதே பீரோவுக்குத்தான். கிளார்க் மகளின் சான்றிதழ்களைக் கேட்டார். அந்த அம்மா அவரிடம் நீட்டாமல், மாதா படம் ஒட்டிய பிளாஸ்டிக் உறையை என் கையில் தந்தார். "டீச்சரே வச்சிடுங்க, அப்பதான் எனக்கு நிம்மதி."

கிளார்க் பீரோவைத் திறந்துவிட்டார். மேல்தட்டில் என் பெயர் எழுதிய உறை தெரிந்தது. கை நீட்டினால் எட்டும். அவர் சாவியை ஆட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். மகளின் உறையைக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு நகர்ந்தேன்.

"நாலு வருசமும் நீங்க இருப்பியல்லா டீச்சர்?" என்று அந்த அம்மா கேட்டார்.

பிரின்சிபல் என்னைப் பார்த்தார். மகளும் பார்த்தாள்.

"இருப்பேன்" என்றேன். கிறிஸ்துமஸுக்குள் எப்படியாவது போய்விடுவேன் என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னேன். அந்த அம்மாவிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். இது மூன்றாவது வருடம். இன்னும் அது பொய்யாகவில்லை.